வெண்ணெய் மாதிரி ஒரு க்ரீம்

கும்மிடிப்பூண்டி அழகுப்பொருள் கடையில் பழைய சரக்கைக் கழித்த அன்று, முதலாளியம்மா வேலை செய்யும் பெண்களை ஆளுக்கு இரண்டு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஜெபசெல்வி ஒரு டப்பாவும் ஒரு பாட்டிலும் எடுத்தாள். டப்பாவில் இருந்தது பனிக்காலத்துக்கென்று வாங்கி விற்காமல் தங்கிப்போன கெட்டி க்ரீம். பாட்டிலில் இருந்தது இளகிய லோஷன். இரண்டையும் அண்ணிக்கு என்று நினைத்துத்தான் எடுத்தாள்.

அண்ணி மார்கரெட் பழவேற்காட்டு ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிப்பவள். சுண்ணாம்புக்குளத்தை ஒட்டிய அவர்கள் ஊரில் பல பெண்களுக்கு அதுதான் பிழைப்பு. பிடித்த இறாலைப் போடும் ஓலைப்பறியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, தண்ணீருக்குள் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைத் தடவித் தடவிப் பிடிக்க வேண்டும். உப்புத்தண்ணீரில் ஊறி வெயிலில் காய்ந்து அவள் கைகால் எல்லாம் வெளுத்து, செதில் செதிலாக உரியும். அம்மா இறந்த பிறகு செல்வியைப் பிளஸ் டூ வரை படிக்க வைத்தது அந்தக் கைகள்தான்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் செல்வி இரண்டையும் திறந்து, இந்தக் கையில் ஒன்றும் அந்தக் கையில் ஒன்றுமாகத் தடவிப் பார்த்தாள். எளாவூர் வருவதற்குள் லோஷன் தோலில் இறங்கி மறைந்துவிட்டது. தடவிய இடம் சில்லென்று லேசாக இருந்தது. க்ரீம் பூசிய கையிலோ வியர்வை முத்து முத்தாக மேலேயே நின்றது. அதில் பஸ் தூசியும் ஒட்டிக்கொண்டது. அன்று காலையில்கூட ஒரு வாடிக்கையாளரிடம், "இந்த வெயிலுக்குக் கெட்டியானது வேணாங்க்கா, வேர்வைய அடைச்சிடும். லோஷனே எடுத்துக்குங்க" என்று அவளே சொல்லியிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து டப்பாவை மட்டும் வெளியே எடுத்தாள். ஏன் அப்படிச் செய்தோம் என்று பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறாள். அந்தக் குளிர்ச்சி இன்னும் கையில் இருந்தது. பாட்டிலும் சின்னது, ஒருத்திக்குத்தான் காணும். வேறு காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

"இன்னாடி இது, வெண்ணெ மாரி கீது?" மார்கரெட் டப்பாவைத் திறந்து முகர்ந்தாள்.

"ரொம்ப சத்தானது அண்ணி. காஞ்சுபோன தோலுக்கு இதான் கரெக்டு. நல்லா பூசு."

மறுநாளிலிருந்து மார்கரெட் ஏரிக்குப் போகும் முன் கைகால், கழுத்து, தோள், மார்பு, கை எட்டியவரை முதுகு என்று அழுத்தி அழுத்திப் பூசிக்கொண்டாள். கூட வரும் பெண்களிடம், "எங்க செல்வி குடுத்துது. அவ கடையிலயே பெரிய ஐட்டம் இதான்" என்று சொல்லிக்கொண்டாள். அந்தப் பேச்சு செல்வியின் காதுக்கும் வந்தது.  பாட்டில் அவளுடைய துணிப்பெட்டிக்குள், சுடிதார்களுக்கு அடியில் இருந்தது.

கத்திரி வெயில் தொடங்கியதும் மார்கரெட் இடுப்பு வலி என்று சொல்லி ஏரிக்குப் போவதை நிறுத்தினாள். அந்தப் புழுக்கத்திலும் கழுத்தைச் சுற்றித் துண்டைப் போட்டபடியே இருந்தாள். "ஒரு நாளும் இவ இப்டி படுத்ததில்லையே" என்று அண்ணன் வின்சென்ட் குழம்பினான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மாதா கோயிலுக்கும் வரவில்லை. பூசை முடிந்து செல்வி வீட்டுக்குள் நுழைந்தபோது, மார்கரெட் முதுகைத் திறந்து போட்டுக்கொண்டு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். கழுத்திலிருந்து இடுப்பு வரை தோல் சிவந்து பொரிந்திருந்தது. அக்குள் பக்கத்தில் சில கொப்புளங்கள் சீழ் வைத்திருந்தன.

"இன்னா அண்ணி இது!"

"வேர்க்குருடி. வெயிலுக்கு வர்றதுதான். தண்ணில எறங்குனா உப்பு பட்டு நெருப்பு வெச்ச மாரி எரியுது. அதான் போவல. அண்ணங்கிட்ட சொல்லாத, கத்துவாரு."

"அந்த க்ரீம இன்னும் பூசுறியா?"

"நீ சத்துன்னு சொன்னியே. கூட கொஞ்சம் பூசுனா அடங்கும்னு பாத்தேன், அடங்க மாட்டேங்குது."

 மறுநாள் செல்வி வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவளை டாக்டரிடம் அழைத்துப் போனாள். பெண் டாக்டர். முதுகைப் பார்த்ததுமே, "என்ன தடவுனீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லம்மா. தேங்கா எண்ண" என்றாள் மார்கரெட், செல்வியைப் பார்க்காமல்.

தன்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள் என்று செல்விக்குப் புரிந்தது. பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றவும் செய்தது. பிறகு, "இல்ல டாக்டர். கெட்டி க்ரீம். நான்தான் குடுத்தேன்" என்றாள்.

"அதெல்லாம் குளிரான, காத்து காஞ்ச ஊருக்குத்தாம்மா. இங்க காத்துலயே ஈரம். வேர்வை வெளிய வர வழியில்லாம அடைச்சிருக்கு. அதுமேல உப்பும் சேறும் வேற." டாக்டர் மருந்து எழுதினார். "மொதல்ல இது ஆறட்டும். அப்புறம் லேசான லோஷன் போதும். நல்ல தண்ணில உப்பு போகக் குளிச்சிட்டு, ஈரம் காயறதுக்குள்ள கொஞ்சமா தடவுங்க. தெரியாம குடுத்துட்டீங்க, விடுங்க."

பஸ் ஸ்டாப்பில் வேப்பமரத்தடியில் நின்றார்கள். செல்வியின் முகத்தைப் பார்த்துவிட்டு மார்கரெட், "வுடுடி. தெரியாம செஞ்சதுக்கு இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வெச்சினு கீற?" என்றாள்.

"தெரியும் அண்ணி."

"இன்னா தெரியும்?"

"இந்த வெயிலுக்கு அது ஆவாதுன்னு தெரியும். கடையில நான்தான் எல்லாருக்கும் சொல்றேன். லோஷனும் எடுத்தாந்தேன். அத நான் வெச்சிக்கினேன்."

 மார்கரெட் துண்டைக் கழுத்திலிருந்து எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டாள்.

"அவ்ளோ நல்லா இருந்துச்சா அது?"

"ஆமா."

"கேட்டிருந்தா எடுத்துக்கோன்னு சொல்லிருப்பனேடி."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். பஸ் வந்தது. இரண்டு பேர் சேர்ந்து உட்காரும் சீட் காலியாக இருந்தும் மார்கரெட் முன்னால் போய் வேறொரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். செல்வி பின்னாலிருந்து அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்றிரவே வின்சென்ட்டிடமும் சொன்னாள். அவன் கத்தவில்லை. "ஏன் செல்வி?" என்று மட்டும் கேட்டான். 

புண் ஆறும்வரை சமையலும் துணி துவைப்பதும் செல்வியுடையதாயிற்று. மார்கரெட் எப்போதும் போலச் சாப்பிடக் கூப்பிட்டாள், உப்பு குறைந்தால் சொன்னாள். ஆனால் முன்போலக் கேலி பேசவில்லை. செல்வி லோஷன் பாட்டிலை எடுத்துவந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். அது தொடப்படாமல் அங்கேயே இருந்தது.

மார்கரெட் மறுபடியும் ஏரிக்குப் போகத் தொடங்கிய ஒரு நாள், மாலையில் திரும்பி வந்தபோது செல்வி நல்ல தண்ணீரைக் குடத்தில் நிரப்பி வைத்திருந்தாள். குளித்து முடித்ததும் பாட்டிலோடு போய் நின்றாள்.

"முதுகு காட்டு அண்ணி. ஒனக்குக் கை எட்டாது."

மார்கரெட் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே யோசித்தாள். பிறகு முட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். கொப்புளம் இருந்த இடமெல்லாம் கறுப்பாகத் தழும்பு நின்றிருந்தது. செல்வி கொஞ்சம் லோஷனை உள்ளங்கையில் விட்டு, ஒவ்வொரு தழும்பின் மேலும் விரலை மெதுவாக வைத்துத் தடவினாள்.

"எரியுதா?"

"இல்ல."

 மார்கரெட் திரும்பாமலேயே சொன்னாள்: "அடுத்த தபா இன்னா வேணும்னாலும், வேணும்னு வாயத் தொறந்து கேளு."

"சரி அண்ணி" என்றாள் செல்வி. பாட்டிலைச் சாய்த்து இன்னும் கொஞ்சம் உள்ளங்கையில் விட்டாள்.