அரை மாத்திரை

எங்கள் ஷூ கம்பெனியில் வேலை முடிந்து வெளியே போகும்போது கேட்டில் பையைத் துழாவுவார்கள். தோல் துண்டு எதையாவது ஒளித்து எடுத்துப்போகிறோமா என்று பார்க்கத்தான். பெண்களுக்குச் சவுரியம்மாள். டிபன் பாக்ஸைத் திறந்து ஊறுகாய்க் கிண்ணம் வரை பார்ப்பாள். இத்தனை வருஷமாகத் திறந்து காட்டுகிற எனக்கு, அன்றைக்கு அது மண்டையில் உறைக்கவே இல்லை. அந்தக் கிண்ணத்தில் என் தம்பியின் மாத்திரை இருந்தது.

தம்பி சமீருல்லா தோல் பதனிடுகிற டேனரியில் ஈரத் தோல் தூக்கி இடுப்பைக் கெடுத்துக்கொண்டவன். யாரோ கொடுத்த வலி மாத்திரையில் ஆரம்பித்தான். வலி போனது, மாத்திரை போகவில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் சந்துகளில் வாங்க ஆரம்பித்தான். அம்மாவின் தோடு காணாமல் போனபோதுகூட, "அல்லா மேல ஆணையா எனக்குத் தெரியாது ஆபா" என்று அக்காவான என் முகத்தைப் பார்த்தே சொன்னான்.

அவனே ஒருநாள் அழுதுகொண்டு, "என்னை எங்கியாவது சேத்துடு ஆபா" என்றான். வேலூருக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். திங்கட்கிழமைதான் படுக்கை காலியாகும் என்றார் டாக்டர். "திடீர்னு நிறுத்துனா தாங்கமாட்டான். மறுபடி சந்துக்குத்தான் ஓடுவான். கைல இருக்கறத நீங்க வாங்கி வச்சிக்கிட்டு, காலைல பாதி, சாயந்திரம் பாதி குடுங்க" என்று வாயால்தான் சொன்னார், சீட்டு எழுதித் தரவில்லை.

வீட்டில் வைத்தால் பூட்டை உடைப்பான். அதனால் கூடவே கொண்டுபோனேன். சாயந்திரம் அவனே கேட்டுக்கு வந்து, பாதியை வாங்கி என் எதிரிலேயே விழுங்குவான். முதல் நாள் அப்படித்தான் நடந்தது. அன்றைக்குக் கேட்டில் கூட்டம் நெரிந்ததால், சவுரியம்மாள் கிண்ணத்தைத் திறக்காமலே விட்டுவிட்டாள்.

மறுநாள் கம்பெனியில் போதை ஒழிப்பு உறுதிமொழி. எல்லாரும் கையை நீட்டி நின்றோம். எச்.ஆர். மேனேஜர் மைக்கில், "பாதிக்கப்பட்டவங்க தைரியமா வெளிய வரணும், நாங்க இருக்கோம்" என்று முழங்கினார். நானும் கை தட்டினேன், பைத்தியக்காரி.

மதியம் சாப்பிடும்போது பேச்சு அதிலேயே போனது. எங்கள் லைன் சூப்பர்வைசர் விஜயகுமாரி அக்கா கொதித்தாள். "இவனுங்கள எல்லாம் தூக்குல போடணும். எம்பையன் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலியே விக்கறானுங்க."

"விக்கறவன புடிங்க அக்கா, யாரு வேணாம்னது? வாங்கிச் சாப்புட்டுக் கெட்டவன ஏன் ஜெயில்ல போடணும்? அவன டாக்டர் கைல குடுங்க. அளந்து குடுத்து, கம்மி பண்ணி வெளிய கொண்டாரட்டும். சாராயத்த கவர்மென்ட்டே கடை வச்சி விக்குது, குடிச்சவன் ரோட்ல கெடந்தா அவன் மேல கேஸா போடறாங்க?" என்றேன்.

"அப்ப இதுக்கும் கடை தொறக்கணுங்கறியா?"

"கடை எங்க தொறக்கச் சொன்னேன்? பயந்துக்கினு ஒளியறவன், பயம் இல்லாம டாக்டர்கிட்ட போவட்டும்னு சொல்றேன்."

"நல்லா பேசற சைரா" என்று எழுந்து போனாள். அவளைத் தப்பு சொல்ல முடியாது. பிள்ளை பெற்றவள், அவளுக்கு அவள் பயம்.

சாயந்திரம் சவுரியம்மாள் கிண்ணத்தைத் திறந்தாள். தோலறுக்கும் பிளேடால் நான் பாதி பாதியாக வெட்டி வைத்திருந்த மாத்திரைகள் வெளியே வந்தன.

"இன்னாமா இது, துண்டு துண்டா வெட்டி வச்சிருக்க? விக்கவா?"

சொன்னேன். தம்பி, டாக்டர், திங்கட்கிழமை, எல்லாம் சொன்னேன். மேனேஜர் வந்தார். மைக்கில் பேசிய அதே வாய்தான். "சீட்டு எங்க? வெளிநாட்டுக்காரங்க ஆடிட்டுக்கு வர்ற நேரத்துல கம்பெனி பேரக் கெடுக்கறியா?" என்று போலீசுக்குப் போன் போட்டார். விஜயகுமாரி அக்காவைக் கேட்டபோது, "மதியமே அவ ஒரு மாதிரிதான் பேசுனா சார்" என்றாள். சோறு தின்னும்போது பேசிய நியாயமே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டிபன் பாக்ஸை அவர்கள் மூஞ்சியில் விட்டெறிந்திருக்க வேண்டும்.

போலீஸ் வந்து, "ஸ்டேஷனுக்கு வாம்மா" என்றபோது, பாதி மாத்திரைக்காக சமீர் கேட்டில் வந்து நின்றான். உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. என்னைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தான். போடா, போய்விடு என்று கண்ணால் சொன்னேன். பாவி, உள்ளே வந்தான்.

"சார், அது என்து. நான் வாங்குனது. எங்க ஆபா விக்கல. என்னை வெளிய கொண்டாறத்துக்குதான் வச்சிருக்கு."

எத்தனை வருஷமாக ஒரு உண்மை சொல்லுடா என்று அவனிடம் மன்றாடியிருக்கிறேன். சொன்னான். என்னை விட்டுவிட்டு அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். எங்கே வாங்கினான், யார் விற்றான் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

ஜீப்புக்குள்ளிருந்து, "ஆபா, சாயந்திரத்துது?" என்று கை நீட்டினான். அது போலீஸ்காரர் கையில் கவருக்குள் இருந்தது. நான் கேட்டேன், கெஞ்சினேன். "சாட்சிப் பொருள்மா" என்றார்.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "படுக்கை ரெடி. பேஷண்ட்டக் கூட்டிட்டு வர்றீங்களா?"

"அவன் ஜெயில்ல இருக்கான்மா."

போனில் அந்தப் பெண் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப அடுத்தவங்களுக்குக் குடுத்துடட்டுமா?" என்றாள்.

"குடுங்க" என்றேன். "ஆனா படுக்கைக்குக் காத்திருக்கறவங்களுக்கு, அதுவரைக்கும் மாத்திரைய யாரு வச்சிக்கறதுன்னு சீட்டுல எழுதிக் குடுத்து அனுப்புங்க."