அக்கரையில் ஓர் அறை

கலிபோர்னியாவின் பிளசன்டன் மாலில், மலையேறுகிறவர்களுக்கான சாமான்கள் விற்கும் கடையில், கல்லூரிப் பெண் ஒருத்தி நாகமணியின் இடுப்பைச் சுற்றி முதுகுப்பையின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள். பாரம் தோளில் விழக் கூடாது, இடுப்பெலும்பில்தான் உட்கார வேண்டும் என்று சொல்லிச் சொல்லிக் காட்டினாள். பை எப்படி உட்காருகிறது என்று பார்ப்பதற்காக உள்ளே இரண்டு மணல் மூட்டைகளையும் வைத்திருந்தாள். சுடிதாருக்கு மேல் பச்சைப் பையோடு நாகமணி கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய வயதான குழந்தை மாதிரி இருந்தது. "ஏனுங்க, இதைய மாட்டிக்கிட்டு என்னால குனியக்கூட முடியாதுங்க" என்றாள். பக்கத்தில் அவள் கணவர் திருமூர்த்தி இன்னொரு பையை மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் நடந்து பார்த்தார். எங்கே போகிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். தாய்லாந்து, அங்கிருந்து ஆற்றைக் கடந்து லாவோஸ் என்றார் அவர். அவள் கண்கள் விரிந்தன. "ஓ மை காட், யூ கைஸ் ஆர் ஸோ கூல்" என்றாள். இருவரும் சிரித்தார்கள். அந்த வாரத்தில் அவர்கள் சிரித்தது அப்போதுதான்.

சூட்கேஸ் வேண்டாம் என்று சொன்னவள் ஒரு ஹாலந்துக்காரி. பார்த்திராத பெண். அக்டோபரில் ஒரு மாலை, திருமூர்த்தி சான் ஹோசே ஆபீசிலிருந்து சுனோல் மேட்டுச் சாலை நெரிசலில் ஊர்ந்து வீடு வந்து சேர்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவள் போன் பண்ணினாள். தாய்லாந்தின் வட எல்லையிலிருந்து பேசுவதாகவும், தான் ஒரு நர்ஸ் என்றும் சொன்னாள். உங்கள் மகன் லாவோஸில், மெகாங் ஆற்றங்கரையில் பாக்பெங் என்ற ஊரில் ஒரு விடுதியில் இருக்கிறான், அவன் பையின் பெயர்ச்சீட்டில் இந்த நம்பர் இருந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். யாராவது ஊட்டினால் சாப்பிடுகிறான், இல்லையென்றால் இல்லை. விசா முடிந்து வெகு நாளாகிறது. நீங்கள் வந்தால்தான் ஆகும். வரும்போது சூட்கேஸ் கொண்டுவராதீர்கள், அங்கே படகிலிருந்து பலகை மேல் நடந்து சேற்று மேட்டில் ஏற வேண்டியிருக்கும்.

போனை வைத்த பிறகு நாகமணி அழவில்லை. "மறுக்காவும் வந்திருச்சுங்க" என்று மட்டும் சொன்னாள்.

மகன் மகிழனுக்கு அது முதலில் வந்தது கல்லூரி இரண்டாம் வருடத்தில். வகுப்பிலிருக்கும் எல்லோரும் தன் நினைப்பைக் கேட்டுவிடுகிறார்கள் என்று அறைக் கதவுக்குப் பின்னால் மேஜையை இழுத்துப் போட்டு, நான்கு நாள் வெளியே வராமல் கிடந்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தெரிந்தவர்களிடம் மஞ்சள் காமாலை என்றார்கள். மருந்தில் தேறினான், படிப்பை முடித்தான், மென்பொருள் கம்பெனி ஒன்றில் வேலைக்கும் போனான். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, ஆசியா முழுக்க முதுகில் பையோடு சுற்றப்போகிறேன் என்று வரைபடத்தை விரித்துக் காட்டியபோது அவர்கள் பயப்படவில்லை. உள்ளூர மகிழ்ச்சிதான். இவ்வளவு தூரம் திட்டம் போடத் தெரிந்தவனுக்கு என்ன நோய் இருந்துவிட முடியும்? லிவர்மோர் கோயிலில் விசாரித்தவர்களிடம் நாகமணி, "வேர்ல்ட் டூர் போயிருக்கறானுங்க" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். பாங்காக்கிலிருந்தும் சியாங்மாயிலிருந்தும் மின்னஞ்சல்கள் வந்தன. பிறகு அவை சுருங்கின. பிறகு நின்றன. அங்கெல்லாம் இன்டர்நெட் எங்கே இருக்கப்போகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

சியாங் கோங்கில் மெகாங் பழுப்பாக, அவசரமில்லாமல் ஓடியது. இக்கரை தாய்லாந்து, அக்கரை லாவோஸ். இருவர் அருகருகே உட்கார முடியாத ஒடுங்கிய படகில் ஏறினார்கள். எல்லையைக் கடக்க, பிளசன்டனுக்குப் பக்கத்து ஊரான டப்ளினில் சிக்னல் பச்சை விழக் காத்திருக்கும் நேரம்தான் ஆனது. மறுகரையில் தகரக் கொட்டகையில் முத்திரை குத்திக்கொண்டு, சரக்குப் படகுக்கு மாறினார்கள். அரிசி மூட்டை, சிமெண்ட், கால் கட்டிய கோழிகள், அவற்றுக்கு நடுவில் உலகத்தின் எல்லா நாட்டுப் பிள்ளைகளும். சடை பின்னியவர்கள், மூக்கில் வளையம் போட்டவர்கள், கூரை மேல் படுத்து வெயில் காய்கிறவர்கள். எல்லோரும் மகிழனின் வயதுதான். ஒவ்வொருவனும் சரியாக இருந்தான். சாப்பிட்டான், சிரித்தான், ஆற்றை போட்டோ எடுத்தான். அதே படகு, அதே ஆறு, இத்தனை பேரில் என் பிள்ளை மட்டும் ஏன் என்று நாகமணி யாரைக் கேட்பாள்? ஆஸ்திரேலியப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் பெற்றோர் பக்கத்துத் தீவுக்குக்கூட வரமாட்டார்கள், நீங்கள் இந்த வயதில் இப்படி வந்திருக்கிறீர்களே என்று வியந்தாள். பிள்ளைகள் உண்டா என்றாள். "ஒன் சன்" என்றாள் நாகமணி. அவனையும் அழைத்து வந்திருக்கலாமே என்றாள் அந்தப் பெண். திருமூர்த்தி எழுந்து படகின் முனைக்குப் போய்விட்டார். இரண்டு பக்கமும் காடு. நடுவில் கரும்பாறைகள். தண்ணீர் அவற்றைச் சுற்றிக்கொண்டு போனது.

பாக்பெங் மேட்டில் ஒரே தெரு. விடுதிக்காரியிடம் போட்டோவை நீட்டத் தேவையிருக்கவில்லை. அவள் இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு, "மேக்" என்று அவன் பெயரைச் சுருக்கிச் சொல்லி, கையைப் பிடித்தே நாகமணியை உள்ளே கூட்டிப்போனாள். மூங்கில் தட்டி அறையின் மூலையில் கொசுவலைக்குள் அவன் உட்கார்ந்திருந்தான். தாடி மார்பைத் தொட்டது. மணிக்கட்டுகள் குச்சியாக இருந்தன. யாரோ அவனைக் குளிப்பாட்டியிருந்தார்கள், சட்டை சுத்தமாக இருந்தது. அதுதான் நாகமணியை உடைத்தது. "சாமி" என்றாள். "கண்ணு, அம்மா வந்திருக்கறன்டா."

அவன் திரும்பிப் பார்த்தான். அடையாளம் தெரியாமலில்லை. கொஞ்சம் வருத்தப்பட்ட மாதிரிதான் இருந்தது. "யூ ஷுடன்ட் ஹாவ் கம், அம்மா" என்றான். "நௌ தே நோ யூ டூ."

மூன்று வயதில் கோயம்புத்தூரிலிருந்து அமெரிக்கா வந்தவன். தமிழ் எல்லாம் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான். அங்கே இருந்த நாட்களில் அவன் பேசியதையெல்லாம் சேர்த்துத் திருமூர்த்தி ஒருவாறு புரிந்துகொண்டார். ஆற்றின் தாய்லாந்துப் பக்கத்தில் சிலர் இருக்கிறார்கள். கலிபோர்னியாவிலிருந்து பின்தொடர்ந்து வந்தவர்கள். அவர்களால் தண்ணீரைக் கடக்க முடியாது. இந்தப் பக்கம் வந்த நாளில்தான், வருடங்களில் முதல் தடவையாக, தலைக்குள் சத்தம் நின்றது. அதனால் இங்கேயே இருந்துவிட்டான். கேட்கும்போது திருமூர்த்திக்குப் பொறியாளராக ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. முதல் வரி ஒன்றுதான் தவறு. மற்றதெல்லாம் சரியாகக் கணக்கிடப்பட்டிருந்தது.

நாகமணி கைக்குள் சோற்றை உருட்டி ஊட்டினாள். நான்காம் நாள் அவனாகவே கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். தாடியை மழிக்க விட்டான். விடுதிக்காரி வாசலில் நின்று கைதட்டினாள். ஆற்றின் மேல்போக்கில் திரும்பும் படகில் கொஞ்ச தூரம் போகலாமா என்று கேட்டபோதும் தலையாட்டினான். படகு முழுக்க அம்மாவின் மடியில் தலைவைத்துத் தூங்கினான். "பாத்தீங்ளா, மொகம் தெளிஞ்சிருச்சு" என்று நாகமணி கிசுகிசுத்தாள். தாய்லாந்தில் சியாங் ராயில் ஆஸ்பத்திரியும் டாக்டரும் உண்டு, திரும்பும் விமானமும் அங்கிருந்துதான். நடுவில் ஆறு ஒன்றுதான் பாக்கி.

எல்லைக் கொட்டகையில் அபராதத்தைக் கட்டி முத்திரை வாங்கும்வரை அவன் கூடவே நின்றான். கீழே படித்துறைக்கு வந்து, எதிரே தாய்லாந்துக் கரையைப் பார்த்ததும், உட்கார்ந்துவிட்டான். "ஐ காண்ட். ப்ளீஸ்" என்றான். நாகமணி கெஞ்சினாள். படகோட்டி இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பி வந்தான். மேலேயிருந்து சீருடைக்காரர் ஒருவர் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். முத்திரை குத்தியாகிவிட்டது, இனி இந்த நாட்டில் நிற்க உரிமையில்லை. தூக்கிப் போட்டுக்கொண்டு போகலாம் என்றால் அவன் ஆறடி.

திருமூர்த்தி அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். அவன் தோளில் கை வைத்தார்.

"நாம ஊருக்குப் போகல சாமி" என்றார். "அமெரிக்காவுக்குப் போகவே வேண்டாம். அப்பா வேலைய ரிசைன் பண்ணிட்டேன். அக்கரைல, ஆத்தோரமா, ஒரு ரூம் பாத்து வெச்சிருக்கறேன். மூணு பேரும் அங்கயே இருந்துக்கலாம். அவங்க யாரும் இப்ப அங்க இல்ல. அப்பா போயிப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"யூ செக்டு?"

"நல்லாப் பாத்தேன்."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்டா."

நாகமணி கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று அவரைப் பற்றி ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அவளும் வாயைத் திறக்கவில்லை.

மகிழன் எழுந்து படகில் ஏறினான். நடு ஆற்றில் கையைத் தண்ணீரில் விட்டு, விரல்களுக்கு இடையில் அது பிளந்து போவதைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். சின்ன வயதில் சைக்கிள் ஓட்டப் பழகியபோது, பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நம்பித் திரும்பிச் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. ஜன்னல் ஆற்றைப் பார்த்து இருக்குமா என்று கேட்டான். "ஆமா" என்றார் திருமூர்த்தி. கரையில் ஏற்பாடு செய்திருந்த வேன் காத்திருந்தது. சியாங் ராய் ஆஸ்பத்திரி வாசலில்தான் அவனுக்குப் புரிந்தது. இரண்டு பேர் பிடித்துக்கொள்ள ஊசி போட்டார்கள். அவன் கத்தவில்லை, முரண்டு பிடிக்கவுமில்லை. கண் செருகும்வரை அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் அவன் திருமூர்த்தியிடம் பேசவில்லை.

பிளசன்டனில் மாத்திரைகள் பலதை மாற்றிப் பார்த்தார்கள். ஒன்று அவனைத் தூங்கவைத்தது, ஒன்று கையை நடுங்கவைத்தது, ஒன்று உடம்பை ஊதவைத்தது. இனி வேலை, கல்யாணம் என்றெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம், இப்படியே காப்பாற்றி வைத்திருப்பதுதான் நல்ல முடிவு என்றார் டாக்டர், கனிவான குரலில். மகிழன் அம்மாவிடம் பசி என்பான், போதும் என்பான். திருமூர்த்தி அறைக்குள் வந்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவான். அவர் பேசினால் பேச்சு முடியும்வரை காதைப் பொத்திக்கொள்வான். அவர் ஆபீசிலிருந்து தாமதமாக வரத் தொடங்கினார். "நீங்க சொல்லாம இருந்திருந்தா அவன் அங்கயே செத்திருப்பானுங்க" என்று நாகமணி ஒருமுறை சொன்னாள். அதற்கு அவர், "அங்க அவன் தலைக்குள்ள சத்தமில்லாம இருந்தானேம்மா" என்றார்.

அடுத்த வருடக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லிவர்மோர் கோயிலுக்குப் போனார்கள். மகிழன் கூட வந்தான், ஆனால் காரைவிட்டு இறங்கவில்லை. சன்னதி வாசலில் பழைய சிநேகிதர் கஸ்தூரிரங்கன், டல்லாஸ் பக்கம் காப்பெல்லுக்கு மாறிப்போய் விடுமுறைக்கு வந்திருந்தவர், திருமூர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன சார், பையன் டூர்லேருந்து வந்துட்டானாமே? எங்க கம்பெனில ஆள் எடுக்கறா. அப்ளை பண்ணச் சொல்லுங்கோ." திருமூர்த்தி வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "சொல்றேங்க" என்றார்.

வெளியே வந்தபோது காரின் பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாருமில்லை. நாகமணிதான் முதலில் பார்த்தாள். வேலிக்கு அப்பால், காய்ந்து மஞ்சளாகக் கிடந்த மேட்டுச் சரிவில், ஒரு வெள்ளைச் சட்டை ஏறிக்கொண்டிருந்தது. வேகமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. அவன் போகிற பக்கம் ஆறு கிடையாது. மேட்டுக்குப் பின்னால் இன்னொரு மேடு, அதற்குப் பின்னால் இன்னொன்று, அவ்வளவுதான்.

செருப்பு கோயில் வாசலிலேயே இருந்தது. திருமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலியைத் தாண்டினார். பிரசாதத் தட்டோடு நாகமணி அங்கேயே நின்றாள். கூப்பிட்டால், அப்பாவின் குரலைக் கேட்டதுமே அவன் ஓடத் தொடங்குவான் என்று இருவருக்கும் தெரியும். அதனால் அவர் கூப்பிடவில்லை. முள் குத்திய பாதங்களோடு, காற்றில் வேட்டி படபடக்க, அவனுக்கும் தனக்கும் நடுவிலிருந்த தூரம் கூடாமலும் குறையாமலும், பின்னாலேயே ஏறிக்கொண்டிருந்தார்.