கரிக்கோட்டுக்கு மேலே

தை பிறந்ததிலிருந்து செவந்தியால் கொண்டை போட முடியவில்லை. வலது கை தோளுக்கு மேலே எழ மறுத்தது. கல்யாணமாகி வந்த நாள் முதல் கம்பு இடித்த கை. உலக்கையை வைத்த பிறகும் தோளுக்குள் யாரோ இடித்துக்கொண்டே இருந்தார்கள். வலி முழங்கை வழியாக இறங்கி விரல் நுனியில் எறும்பாக ஊர்ந்தது. அந்தப் பக்கம் புரண்டு படுக்க முடியாது.

முதலில் கொஞ்ச நாள் நாத்தனார் சின்னப்பிள்ளை கொண்டை போட்டுவிட்டாள். புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்து இருப்பவள். முடியை ஒரு இழுப்பு இழுத்தால் ஒரு பேச்சு. இந்த வயதில் தான் இடித்த கம்பு எவ்வளவு என்பாள்; தோள் என்று ஒன்று இருப்பதே அப்போது தெரியாது என்பாள். ஒரு நாள் செவந்தி அவள் கையிலிருந்து முடியை உருவிக்கொண்டாள். அன்றிலிருந்து முடி முதுகில் கிடந்தது.

கந்தர்வக்கோட்டைப் பக்கத்து முந்திரிக்காட்டு ஊர் அது. விளக்கு வைத்த பிறகு ஒரு பெண் விரித்த தலையோடு நடமாடினால் ஊர் ஒன்றைத்தான் நினைக்கும். கோடாங்கி முனியசாமி பேயோட்டி முடித்ததும் பெண்ணின் தலையைக் கொண்டையாகக் கட்டுவான். கொண்டை நின்றால் பேய் இறங்கிவிட்டது. அவிழ்ந்தால் இன்னும் இருக்கிறது. அப்போது உச்சிமுடியில் ஒரு கொத்தை அறுத்துப் புளியமரத்தில் ஆணியடிப்பான். அப்படி ஆணியடிக்கப்பட்டவளை அங்கே விதைக் கடலையைத் தொட விடுவதில்லை. அந்த வீட்டில் விதை பொறுக்குவது செவந்தி. வேறு யார் பொறுக்கினாலும் அவளுக்குத் திருப்தி வராது.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அவள் தனியாகத்தான் பஸ் ஏறிப் போனாள். நர்ஸ் அடைக்கலமேரி மாத்திரையைக் கொடுத்துவிட்டு, இது வலியைத் தூங்க வைக்கும், கையைத் தூக்காது என்றாள். அவளைச் சுவரோரம் நிறுத்தி, இரண்டு விரலைச் சுவரில் வைத்து நண்டு மாதிரி மேலே ஏற்றச் சொன்னாள். ஏறிய இடத்தில் கரியால் ஒரு கோடு போட வேண்டும். மறுநாள் அதைத் தாண்டப் பார்க்க வேண்டும். பிறகு குனிந்து நின்று, தண்ணீர்ச் செம்பைப் பிடித்த கையைக் கிணற்று வாளி போலத் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்க வேண்டும்.

“வலிக்குமே” என்றாள் செவந்தி.

“வலிக்கும். சிணுங்குற அளவுன்னா ஏறு. கத்துற அளவுக்கு வந்தா நிறுத்திக்க.”

எப்போது சரியாகும் என்று கேட்டதற்கு, அதைத் தோளிடம் கேள் என்று சொல்லிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டாள்.

விடிகிற நேரத்தில் செவந்தி முற்றத்துச் சுவரில் ஏற ஆரம்பித்தாள். முதல் கோடு இடுப்புக்குக் கொஞ்சம் மேலே விழுந்தது. பல்லைக் கடித்ததில் தாடையும் வலித்தது. இது வைத்தியம் என்று வீட்டில் எடுத்துச் சொல்லியிருந்தாள். யாரும் நம்பவில்லை. மருந்து என்றால் விழுங்க வேண்டும், இல்லாவிட்டால் பூச வேண்டும். சுவரைப் பிறாண்டுவது எந்த வைத்தியத்தில் சேர்த்தி? தலையை விரித்துப் போட்டு, தனக்குள் முனகிக்கொண்டு, சுவரில் விரலை ஊர விட்டுக் கரிக்கோடு இழுக்கிறவளைச் சின்னப்பிள்ளை கதவிடுக்கில் பார்த்தாள். அவளுக்கு அது போதும்.

அன்றைக்கே சுவரைச் சாணம் போட்டு மெழுகினாள். கோடு போயிற்று. மறுநாள் செவந்தி புதுக்கோடு போட்டாள். விளக்கு மாடத்தின் விளிம்பு அவளுக்கு அடையாளம். அழிந்ததைவிட இது உயரம் என்று தெரியும். சின்னப்பிள்ளை மறுபடி மெழுகினாள். மறுபடி கோடு விழுந்தது. பங்குனி முழுக்க இப்படியே போனது. சில நாள் கை பழைய உயரத்துக்கே வராது. அன்றைக்குக் கீழேயே ஒரு கோடு போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போவாள்.

புருஷன் ஆண்டிச்சாமி நல்லவன்தான். அக்காவும் பெண்டாட்டியும் வாய் திறந்தால் மாட்டை அவிழ்த்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவான். விதைப்புக்கு முன்னால் ஒரு நாள் நின்று பேசினான்.

“அக்கா வெத்தல பாக்கு வெச்சுட்டு வந்துருச்சு. வெள்ளிக்கெழம கோடாங்கி வாராரு. ஒனக்கு ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுப் போறாரு.”

“அவரு எந்த வீட்டுலயாச்சும் ஒண்ணுமில்லன்னு சொல்லியிருக்காராங்க?”

ஆண்டிச்சாமி மாட்டை அவிழ்க்கப் போனான்.

அவள் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கலாம். போனால் கோடாங்கிக்குப் பயந்து பேய் ஓடிவிட்டது என்பார்கள். வரட்டும் என்று இருந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது முற்றம் நிறைந்திருந்தது. கோடாங்கி பார்க்கட்டும் என்று காலைக் கோட்டைச் சின்னப்பிள்ளை அன்று அழிக்கவில்லை. ஒரு முறத்தில் தேங்காய், அரிவாள், ஆணி. முனியசாமி உடுக்கையை அடித்தான். செவந்தி ஆடவில்லை. வேடிக்கை பார்க்க வந்த இரண்டு பெண்களுக்குத்தான் உடம்பு அசைந்தது. வந்திருப்பது யார் என்று கேட்டான். செவந்தி என்றாள். எல்லாப் பேயும் முதலில் அப்படித்தான் சொல்லும் என்றான்.

“கோடாங்கியாரே, கொண்டை நின்னா பேய் இல்ல. அதுதான ஒங்க கணக்கு?”

“அதான்.”

“நானே போட்டுக்கிட்டா?”

தை மாதத்திலிருந்து போடாத கொண்டையா என்று சின்னப்பிள்ளை சிரித்தாள். முனியசாமியும் சிரித்தான். பேய்க்குக் கொண்டை போட வராது, போடட்டும் பார்ப்போம் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். அந்த வார்த்தை அவன் வாயால் வர வேண்டும் என்றுதான் அவளும் நின்றிருந்தாள்.

இடது கையால் முடியை அள்ளிப் பிடித்தாள். வலது கை தோள் மட்டத்தோடு நின்றுவிட்டது. கூட்டம் முணுமுணுத்தது. முனியசாமி குனிந்து அரிவாளை எடுத்தான்.

செவந்தி சுவரிடம் போனாள். இரண்டு விரலை வைத்தாள். நண்டு ஏறியது. இடுப்பு, மார்பு, மாடத்தின் விளிம்பு. உடுக்கைச் சத்தம் இல்லை. காலையில் போட்ட கோட்டைத் தொட்டபோது கண்ணில் நீர் கட்டியது. கத்துகிற அளவு வலி எது என்று அவளுக்கு இப்போது தெரியும். இது அது இல்லை. கோட்டுக்கு மேலே இன்னும் ஒரு விரற்கடை ஏறினாள். அங்கிருந்து கையைக் கீழே விடாமல் அப்படியே பின்னந்தலைக்குக் கொண்டுபோனாள். இடது கை முடியைக் கொடுத்தது, வலது கை வாங்கியது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. செருகினாள்.

கொண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஆனால் நின்றது.

முனியசாமி ஆணியை மடியில் செருகிக்கொண்டான். லேசான பேய்தான், உடுக்கைச் சத்தத்துக்கே ஓடிவிட்டது என்றான். கூட்டம் அதை ஒப்புக்கொண்டது. அவன் கூலித் தேங்காயை எடுப்பதற்குள் செவந்தி எடுத்துவிட்டாள்.

“ஓட்டாத பேய்க்குத் தேங்கா எதுக்கு?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் தோள் இரும்பாகக் கிடந்தது. கொண்டை தூக்கத்தில் அவிழ்ந்திருந்தது. பேய் நின்ற இடம் என்று சின்னப்பிள்ளை விடியுமுன்னே சுவரை மெழுகி முடித்திருந்தாள். செவந்தி உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

“அதான் பேய் போயிருச்சே. இன்னும் எதுக்குச் செவரு?” என்றாள் சின்னப்பிள்ளை.

“வலி போகலயே, அண்ணி.”

விரலை வைத்தாள். சாணம் ஈரமாக இருந்தது. ஏறிய வழியெல்லாம் குழி விழுந்தது, மாடம் வரைக்கும், மாடத்துக்கு மேலும். கரி தேவைப்படவில்லை. கையை அலம்பிக்கொண்டு, விதைக் கடலை மூட்டையை இறக்கிப் போடச் சொல்லி ஆண்டிச்சாமியைக் கூப்பிட்டாள்.