ஐந்தாம் அறைக்குப் போகாத அட்டைகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கடைவாய்ப்பல்லில் தொடங்கியது.

ரூட் கேனல் செய்ய ஐந்து தடவை வரச்சொன்னார் பல் டாக்டர். முதல் நான்கு தடவையும் முன்மேசையில் அந்தப் பெண்தான் இருந்தாள். பெயர் பதிவது, பல்லை எக்ஸ்ரே எடுப்பது, டாக்டர் கை நீட்டினால் கருவியை வைப்பது எல்லாம் அவள் வேலை. ஆள் இல்லாத நேரத்தில் மேசைக்கு அடியிலிருந்து ஒரு செருப்புப் பெட்டியை எடுப்பாள். உள்ளே ஐந்து அறையாகத் தடுத்து அட்டைகள். முன்பக்கம் ஓர் ஆங்கிலச் சொல், பின்பக்கம் பொருளும் ஒரு வாக்கியமும். வெளிநாட்டு மேல்படிப்புக்கான தேர்வுக்குப் படிக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. அந்தத் தேர்வில் வருவது ஆங்கிலேயரே அகராதியைப் புரட்டும் ஆங்கிலம்.

இரண்டாம் தடவை, ஊசி போட்டு வாய் மரத்துப்போய் நான் உட்கார்ந்திருந்தபோது, ஓர் அட்டையை எடுத்து ‘ஃபஸ்டிடியஸ்’ என்று முணுமுணுத்தாள். லேசில் திருப்தி ஆகாத, எதிலும் குறை காண்கிற, என்று பொருளும் சொன்னாள். திருப்பிப் பார்த்தாள். சரி என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அதைக் கொண்டுபோய், தப்பாகச் சொன்ன அட்டைகளுக்கான முதல் அறையில் போட்டாள்.

ஏன் என்று கேட்டிருக்கலாம். அப்போது எனக்குக் கீழுதடு எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை. கேட்காமல் வந்ததால் எழுதவேண்டியதாயிற்று.

2

முதல் தொடக்கம்: ‘அவன் போய்ப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. ஜன்னலுக்கு வெளியே மழை…’

(மழை வேண்டாம். ஏக்கம் என்றதும் மழையைக் கூப்பிடுகிற பழக்கத்தை நான் விட்டுத் தொலைக்க வேண்டும்.)

இரண்டாம் தொடக்கம்: ‘ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாசனை உண்டு என்று அவள்…’

(அவள் அப்படி நினைத்ததே இல்லை. நினைத்தது நான்.)

சரி, நேராகவே சொல்கிறேன். அவளும் அவள் கணவனும் எக்ஸ்ரே படிப்பில் ஒரே வகுப்பு. வாடா போடி என்று பழகியவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு ‘என்னங்க’ என்று ஒருதரம் கூப்பிட்டுப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை, அதோடு விட்டுவிட்டாள். இருவருமே வெளிநாட்டில் மேல்படிப்புக்குப் போவது என்று திட்டம். ஒரு தடித்த சொற்புத்தகம் வாங்கி நடுவில் கிழித்தார்கள். ஏ முதல் எல் வரை அவன், எம் முதல் இசட் வரை அவள். அவரவர் பாதிக்கு அட்டை எழுதுவது, பிறகு மாற்றிக்கொள்வது. வாக்கியம் சொந்த வாழ்க்கையிலிருந்து இருக்கவேண்டும், அப்போதுதான் சொல் மனதில் நிற்கும் என்று புத்தகத்தின் முன்னுரை சொன்னது.

எழுதி முடித்து மாற்றிக்கொள்ளும் முன்பே தேர்வு வந்துவிட்டது. அவன் தேறினான். அவளுக்கு நான்கு மதிப்பெண் குறைந்தது.

மனைவியாக அவனோடு அப்போதே போயிருக்கலாம். ஆனால் அந்த விசாவில் படிக்கவும் முடியாது, வேலைக்கும் போக முடியாது. ‘உன் வீட்டுக் கதவைப் பூட்டித் திறக்க நான் வரணுமா?’ என்று மறுத்துவிட்டாள். விமான நிலையத்தில் அவன் தன் பாதியை அவளிடம் கொடுத்தான், அவள் பாதியை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டான். தேறிவிட்டவனுக்கு அது எதற்கு என்று அவள் கேட்கவில்லை. (நான் கேட்டிருப்பேன். ஆனால் அந்த நேரம் நான் அங்கே இல்லை.)

3

பெட்டிக்கு ஒரு சட்டம் உண்டு. ஐந்து அறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், தப்பாகச் சொன்னால் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையைத் தினமும் பார்க்கவேண்டும், ஐந்தாவதை மாதம் ஒருமுறை. அதையும் தாண்டினால் ரப்பர் பேண்ட் போட்டுப் பரணில் ஏற்றிவிடலாம். அந்தச் சொல் தெரிந்துவிட்டது, அதன் முகத்தில் இனி விழிக்கவேண்டியதில்லை.

அங்கேதான் சிக்கல். அவன் எழுதிய வாக்கியங்களைப் பாருங்கள், தமிழில் தருகிறேன்*:

என் மனைவி ஃபஸ்டிடியஸ். நான் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பாள்.

தும்மல் அபேட் ஆகி அடங்கும்வரை பொறுத்திருந்து, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடங்குவாள்.

நான் கேருலஸ், அதாவது ஓயாத வாயாடி, இல்லை. அவள் தூங்கிவிட்டது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

(*இவை என் கற்பனை. மூன்றாம் தடவை எட்டிப் பார்த்தேன். ‘என் மனைவி’ என்பது மட்டும் கண்ணில் பட்டது. அதற்குள் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டார்கள்.)

இதையெல்லாம் எப்படிப் பரணில் ஏற்றுவாள்? போனில் வருகிறவன் வேறு ஆள். அவளுடைய மதிய இடைவேளையில் கூப்பிடுவான். சாப்பிட்டாளா, எத்தனை வார்த்தை முடித்தாள், விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்று, இந்த மூன்றையும் கேட்டுவிட்டு வகுப்புக்கு ஓடுவான். வாய் ஓயாமல் பேசுகிறவன் அட்டையில்தான் இருந்தான். அவனைத் தினமும் பார்க்க வழி ஒன்றுதான், தெரிந்த சொல்லைத் தெரியாது என்று சொல்லவேண்டும். அவனிடம் போய்ச் சேரவோ எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாக வேண்டும். இந்த முறையும் விட்டால் இன்னும் ஒரு வருஷம். இது தெரிந்தும் நாற்பது, ஐம்பது என்று முதல் அறை வீங்கிக்கொண்டே போனது.

4

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு விவரமான பெண் இப்படித் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வாளா? கதையில் அவளை அழவைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. நான்காம் தடவை போனபோது, எழுதுகிறவனுக்கு வெட்கம் எதற்கு என்று துணிந்து கேட்டேவிட்டேன்.

“கையெழுத்து அழகா இருக்கே. நீங்க எழுதினதா?”

“இல்ல சார். வீட்டுக்காரர் எழுதினது.”

அட்டையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே சொன்னாள். ஓரங்கள் எல்லாம் தினமும் கைபட்டுக் கறுத்துப்போயிருந்தன. பிறகு நிமிர்ந்து, இரண்டு நாள் அந்தப் பக்கம் வைத்துக் கடிக்கவேண்டாம் என்றாள். என் சந்தேகம் அதோடு தீர்ந்தது.

5

தேர்வுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது (எண் என்னுடையது) அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பழைய அட்டைகளையே சுற்றிச் சுற்றி வந்ததில் ஐ முதல் எல் வரையிலான கடைசி அட்டைக்கட்டை அவள் பிரிக்கவே இல்லை. அன்று பிரித்தாள்.

நீதிபதி இம்பார்ஷியலாக, பாரபட்சமில்லாமல், இருக்கவேண்டும். விஞ்ஞானியின் விளக்கம் லூசிட்டாக, தெளிவாக, இருந்தது.

அறுபது அட்டை. எல்லாம் புத்தகத்திலிருந்து அப்படியே பெயர்த்தவை. ஒன்றில்கூட மனைவி இல்லை, தும்மல் இல்லை, துணி மடிப்பு இல்லை. இரண்டாம் முறையும் தேடிப் பார்த்தாள். தன் வீட்டிலிருந்தே தன்னை யாரோ வெளியே அனுப்பிவிட்டது போலிருந்தது அவளுக்கு. வலித்தது. நன்றாகவே வலித்தது. அவனுக்கு நான் அலுத்துவிட்டேன் போலிருக்கிறது, அவன் போகுமுன்னாலேயே அலுத்துவிட்டேன், எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தாள்.

அந்த அறுபதையும் மூன்றே நாளில் படித்து முடித்தாள். பிடித்துவைக்க அவற்றில் எதுவும் இல்லை.

நான்காம் நாள் மதியம் போன் வந்ததும், சாப்பிட்டாயா என்று அவன் கேட்குமுன் அவளே கேட்டாள்.

“கடைசிக் கட்டுல ஏன்டா நான் இல்ல?”



“அத எழுதும்போது விசா வந்துடுச்சு,” என்றான். “உன்ன வச்சு ஒரு வரி எழுத உக்காந்தா, போக வேணாம்னு தோணுது. அதான் புத்தகத்தப் பாத்து எழுதிட்டேன்.”

அன்று அவன் வகுப்புக்கு ஓடவில்லை.

6

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பதில் நான் எழுதியது. அதற்குமுன் மூன்று பதில் எழுதி அடித்தேன்: ‘நேரமில்லடி.’ ‘எந்தக் கட்டு?’ ‘இதுக்கெல்லாமா ஒரு சண்டை?’ மூன்றுமே அவன் வாய்க்குச் சரியாகத்தான் பொருந்தின. நான்காவதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவன் இல்லை. வெகு காலத்துக்கு முன் நான் ஒருவரிடம் இதே மாதிரி ஒன்று கேட்டேன், பதில் வரவில்லை. எனக்கு வராதது அவளுக்காவது வரட்டும் என்று ஆசைப்பட்டேன். கதைக்கு இது நல்லதா என்று தெரியவில்லை.

ஐந்தாம் தடவை போனபோது மேசையில் வேறு பெண் இருந்தாள். முன்பு இருந்தவர் பரீட்சை எழுதப் போயிருக்கிறார் என்றாள். பல் சரியாகிவிட்டது. திரும்பப் போய் விசாரிக்க எனக்கு ஒரு முகாந்திரமும் இல்லை.

7

முடிவு ஒன்று: தேறிப் போகிறாள். அவன் வரவேற்க நிற்கிறான். ‘பிரயாணம் எப்படி இருந்துச்சு?’ என்கிறான். அடுத்த வரியை யார் பேசுவது என்று தெரியாமல் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன்.

முடிவு இரண்டு: தேறவில்லை. அட்டைகளோடு இன்னும் ஒரு வருஷம். அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதி… (எழுதவே கூச்சமாக இருந்தது. அடித்துவிட்டேன்.)

மூன்றாவதாக எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தேர்வு மையத்தில் கணினிக்கு முன் அவள் உட்கார்ந்திருக்கிறாள். கடைசிக் கேள்வியும் முடிந்தது. இந்தத் தேர்வில் ஒரு வழக்கம் உண்டு. மதிப்பெண்ணைக் காட்டுமுன் திரை கேட்கும்: முடிவை ஏற்றுக்கொண்டு பார்க்கிறீர்களா, பார்க்காமலே ரத்து செய்கிறீர்களா? ரத்து செய்தால் எவ்வளவு வாங்கினோம் என்று தெரியாது. பார்த்தால், பார்த்ததுதான்.

அவளுக்கு அவன் வேண்டும். போனில் வருகிறவனும் அட்டையில் எழுதியவனும் ஒரே ஆளாக இருக்கவேண்டும். போனால்தான் அது தெரியும். போகாவிட்டால் தெரியாமலே வைத்துக்கொள்ளலாம்.

கண்காணிப்பாளர் அம்மா அருகில் வந்து குனிகிறார். “முடிஞ்சுதாம்மா? வெளில அடுத்தவங்க காத்துட்டிருக்காங்க.”

“ஒரு நிமிஷம் மேடம்,” என்கிறாள்.

அந்த ஒரு நிமிஷத்தை உங்களிடம் கொடுக்கிறேன். அவன் சொன்ன பதிலை நான்தான் எழுதினேன் என்பது உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அந்தப் பதிலை நம்பித்தான் அவள் மவுஸின்மேல் கை வைத்திருக்கிறாள்.