தடுக்கப்பட்ட பெயர்கள்

எங்கள் டைரக்டர் சிவகணேசன் சிங்கப்பூரில் பல வருடம் வேலை பார்த்தவர். அங்கே என்ன வேலை என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். எல்லைக்கு இந்தப் பக்கம் திரும்பி வந்து, கூலாய் ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் மென்பொருள் கம்பெனி திறந்தார். அதில் புரோகிராம் எழுதத் தெரிந்தவள் ஷர்மைன் என்கிற நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் மேனேஜர்கள்.

செனாய் பக்கத்துத் தொழிற்சாலைகளின் கேட்டில் எங்கள் மெஷின் நிற்கிறது. லாரி டிரைவர் அடையாள அட்டையைச் செருகினால், பெயரைச் சரிபார்த்துக் கேட்டைத் திறக்கும். சரிபார்க்கும் வேலையை நாங்கள் எழுதவில்லை. ஊர் உலகமே இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ளும் ஆயத்த புரோகிராம் ஒன்று, ரெகுலர் எக்ஸ்பிரஷன் லைப்ரரி என்பார்கள், அதைச் செய்கிறது. எழுத்துகள் சரியான மாதிரியில் வருகின்றனவா என்று பார்த்துச் சொல்வதுதான் அதன் தொழில்.

அதன் பழைய பதிப்பில் ஓர் ஓட்டை. பெயர் நீளமாக இருந்து, நடுவில் எதிர்பாராத குறி ஒன்று வந்துவிட்டால், அடுத்த சோதனைக்குப் போகாமல் அதையே வேறு வேறு மாதிரி பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். ஓர் எழுத்து கூடினால் வேலை இரண்டு மடங்கு. சாவியைத் தொலைத்தவன் ஒரே பையைத் திரும்பத் திரும்பத் துழாவுகிற மாதிரிதான். அதற்குள் கேட் உறைந்துவிடும். லைப்ரரியை எழுதியவர்களே குறையை அறிவித்து, சரிசெய்த புதுப் பதிப்பையும் வெளியிட்டுவிட்டார்கள். அதை மாற்றிப் போடுவது ஒரு மதியச் சாப்பாட்டு நேர வேலை.

மலாய்க்காரர் பெயரிலும் சீனர் பெயரிலும் அந்தக் குறி கிடையாது. இன்னாரின் மகன் என்று காட்ட, ஏ/எல் என்று நடுவில் சாய்கோடு போட்டு அப்பா பெயரை எழுதிக்கொள்பவர்கள் நம் ஆட்கள்தான். சின்னப் பெயர் என்றால் தப்பித்துவிடும். ஞானஸ்நானத்துக்கு ஒன்று, உறுதிபூசுதலுக்கு ஒன்று, பாட்டனார் ஆசைக்கு ஒன்று என்று பெயர்களைச் சேர்த்து வைத்திருக்கும் கத்தோலிக்கர் வந்தால் மெஷின் படுத்துவிடும்.

முதல் தடவை அது படுத்தபோதே விஷயத்தைச் சொன்னேன்.

“ஓடுற சிஸ்டத்துல கை வைக்காத. சிங்கப்பூர்ல இதுக்குப் பேரு அட்டாக்” என்றார் சிவகணேசன்.

“அட்டாக் இல்ல சார். லாரி டிரைவர் கார்டு போட்டாரு, அவ்வளவுதான்.”

“ஹேக்கர் என்ன, நான்தான் ஹேக்கர்னு பேட்ஜ் குத்திக்கிட்டா வருவான்?”

பிறகு அவர் மூளை வேலை செய்தது. இரண்டு விநாடிக்கு மேல் இழுக்கிற பெயரைத் தாக்குதல் என்று பதிந்து, கேட்டை அடைத்து, அந்த ஆளைத் தடுத்து வைக்கச் சொன்னார். மாதா மாதம் ‘முறியடித்த தாக்குதல்கள்’ என்று சிவப்பு வரைபடம் ஒன்று தொழிற்சாலைகளுக்குப் போயிற்று. அதற்குத் தனிக் கட்டணம். பார்த்தவர்கள் பயந்துபோய்க் கட்டினார்கள். நம் ஆட்களின் அப்பன் பெயரை வைத்துப் பிழைத்தார் இந்த மனிதர்.

ஒருநாள் கேட் காவலாளியிடம் எங்கள் அட்ரஸைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு, காஹாங் ஊர்க்காரர் அமலநாதன் வந்தார். செம்பனை எண்ணெய் ஏற்றி சோப்புத் தொழிற்சாலைக்குக் கொண்டு வருகிற டிரைவர். அட்டையில் அவர் பெயர் பிரான்சிஸ் சேவியர் அமலநாதன் ஏ/எல் சவரிமுத்து. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது.

“மூணு வாட்டி திருப்பி அனுப்பிட்டாங்க, மிஸ். கேட்ல சிவப்பு லைட் போட்டு, கார்டு திருடுறவன்னு பிடிச்சு உட்கார வச்சாங்க. இன்னொரு தடவை எண்ணெய் இறங்காம திரும்பினா லாரிய வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்னு முதலாளி சொல்லிட்டாரு. நான் என்ன செஞ்சேன்?”

“நீங்க ஒண்ணும் செய்யல, அண்ணே. எங்க மெஷின்லதான் கோளாறு. நாளைக்கு வாங்க, கேட் திறக்கும்.”

டைரக்டர் கோல்ஃப் ஆடப் போயிருந்தார். நான் புதுப் பதிப்பைப் போட்டேன். மறுநாள் அமலநாதன் கார்டைச் செருகியதும் கேட் திறந்தது. மற்றவர்களுக்கும் திறந்தது. அந்த மாத வரைபடத்தில் சிவப்பே இல்லை.

இப்படி ஓர் அவமானம் சிவகணேசனுக்கு வாழ்க்கையில் நேர்ந்ததில்லை. “தாக்குதலே இல்லையாம், அப்புறம் காவலுக்கு எதுக்குக் காசுன்னு தொழிற்சாலைக்காரன் கேக்கிறான்! யார் உன்னைத் தொடச் சொன்னது? பழசையே போடு.”

“போட்டா அந்த டிரைவர் வேலை போயிடும், சார்.”

சற்று யோசித்தார். கருணை உள்ளவர்தானே. “சரி, அவன் பேரை மட்டும் விட்டுடு.”

“மத்தவங்க?”

“மத்தவங்க யாரு மாடியேறி வந்து கேக்கப் போறாங்க? அட்ரஸே தெரியாது, லா.”

இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சொன்னபடியே பழசைப் போட்டேன். அமலநாதன் பெயரை மட்டும் சோதிக்காமல் திறக்கும்படி விட்டுவிட்டேன். அதோடு, தடுக்கப்பட்டவர் பார்க்கும் திரையில் இரண்டு வரி சேர்த்தேன். ‘விளக்கம் தேவைப்படுவோர் டைரக்டர் சிவகணேசனை நேரில் காணவும்’ என்று எழுதி, கீழே அலுவலக முகவரி, மாடி எண், சாப்பாட்டுக் கடைப் பெயர் எல்லாவற்றையும் போட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் கடை வாசலில் லாரிகளை நிறுத்தி, சாலையையே அடைத்துவிட்டார்கள். ஹாரன் சத்தம் கேட்டு மேனேஜர்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். நான் என் இடத்திலேயே இருந்தேன். படிக்கட்டில் காலடிச் சத்தம் நெருங்கியது. சாஆ ஊர்ச் செம்மண் ஒட்டிய பூட்ஸோடு ஒருவர் முதலில் உள்ளே வந்தார். பின்னால் அறை கொள்ளாத கூட்டம். நான் டைரக்டரின் பக்கம் விரலை நீட்டினேன். எல்லாரும் சிவகணேசனின் மேஜையைச் சூழ்ந்து நின்றார்கள்.

சிவகணேசன் எழுந்து நின்று டையைச் சரிசெய்துகொண்டார். “எல்லாருக்கும் கேட் திறக்கிற மாதிரி பண்ணித் தரேன். பேரைச் சொல்லுங்க. சுருக்கமா சொன்னா போதும்.”

முதலில் வந்தவர் தொப்பியைக் கழற்றினார். தன் பெயரைச் சொன்னார், அப்பா பெயர் முடிகிற வரைக்கும், அவசரப்படாமல். பிறகு சொன்னார்:

“என் பேரு இவ்வளவுதான், சார். இதுல எதை வெட்டணும்னு நீங்களே சொல்லுங்க.”

அடுத்தவர் முன்னால் வந்து தன் பெயரைச் சொல்லத் தொடங்கினார்.