ஈஜோக் மதகு

அம்சவள்ளி ஆற்றுத் தண்ணீரின் பக்கம் வந்தது தற்செயல்தான். பேராசிரியராகும்வரை அவள் ஆராய்ந்ததெல்லாம் குழாய்க்குள் ஓடும் தண்ணீர்.

பிறந்தது ஈஜோக் பக்கத்துத் தோட்டமொன்றில். அப்பா அப்பளசாமி எண்ணெய் எடுக்கும் செம்பனையின் குலை வெட்டியவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, பிறகு கோலா சிலாங்கூரில் இடைநிலைப்பள்ளி, அதன்பின் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல். அந்த வகுப்பில் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டாம் ஆண்டில் ஒரு விரிவுரையாளர் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, நடுவில் ஒரு சொட்டு மையை இழையாக விட்டார். மை நூல் பிடித்தாற்போல் நேராகப் போயிற்று. குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தார். நூல் நடுங்கி, சுழன்று, கலைந்து தண்ணீரெல்லாம் நீலமாகிவிட்டது.

"அது ஏன் சார் அங்க போய்க் கலையுது?" என்று கேட்டாள் அம்சவள்ளி.

"முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது" என்றார் அவர்.

படித்தவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தவளுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போயிற்று. பாய்ம இயக்கவியலை விட்டு அவள் பிறகு நகரவே இல்லை. இங்கிலாந்தில் முனைவர் பட்டம் வாங்கினாள். ஒரே குழாயில் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து போனால் என்ன ஆகும் என்பது ஆராய்ச்சி. திரும்பி வந்து விரிவுரையாளரானாள். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்த கணேஸ்வரனைக் கட்டிக்கொண்டு புக்கிட் செந்தோசாவில் குடியேறினாள். ஒரு மகள் பிறந்தாள். இணைப்பேராசிரியர் பதவி தாமதமில்லாமல் வந்தது. பேராசிரியர் பதவிக்கு முதல்முறை விண்ணப்பித்தபோது, ஆராய்ச்சியின் பரப்பு போதாது என்று திருப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஒரு கூடை வெங்காயத்தை உரித்து வைத்தாள். கணேஸ்வரன் பார்த்துவிட்டு, "இத்தன வெங்காயத்துக்கு நாளைக்கு யாருக்குக் கல்யாணம்?" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்கு வருடம் கழித்து இரண்டாம் முறை கிடைத்தது.

அந்த நான்கு வருடத்தில்தான் அவள் குழாயின் வால்வுகள் ஏன் சில சமயம் தடதடவென்று ஆடுகின்றன என்று பார்க்கத் தொடங்கியிருந்தாள். வால்வுக்கும் மதகுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் ஓடுகிற தண்ணீருக்குக் குறுக்கே போட்ட கதவு. அப்படித்தான் மதகுகளுக்கு வந்தாள்.

ஆற்று ஆய்வுக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு மாநாட்டில் அவள் பேசி முடித்ததும், வேறொரு பல்கலைக்கழகத்தின் சிவில் பொறியியல் பேராசிரியர் ஹஸ்லினா எழுந்தார். "குழாய்க்குக் கூரை இருக்கிறது, ஆற்றுக்கு இல்லை. குழாய்க்காரர்கள் குழாயிலேயே இருந்தால் நல்லது" என்றார். அரங்கமே சிரித்தது. அம்சவள்ளியும் சிரித்து வைத்தாள். ஆனால் காரோட்டிக்கொண்டு வரும்போது அந்தச் சிரிப்பு ரவாங் டோல்வரை காதில் கேட்டுக்கொண்டே வந்தது.

இது நடந்து மூன்று வருடம் கழித்து ஈஜோக் விவகாரம் வந்தது.

ஈஜோக்குக்கு மேற்கே ஆற்றை ஒட்டிய தாழ்வான நிலத்தில் புதிதாக ஒரு வீடமைப்புத் திட்டம். வெள்ளம் உள்ளே வராமல் ஒரு நீண்ட மண்கரை, கரையின் கடைசியில் ஒரு மதகு. கடல் ஏற்றத்தின்போது ஆற்றுத் தண்ணீர் மேல்நோக்கித் தள்ளும் இடம் அது. இப்படிப்பட்ட இடங்களில் மதகுகள் ஆடி, கீல் தேய்ந்து உடைந்துபோனதுண்டு. அதனால் திட்டத்தைப் பரிசீலித்த வெள்ளத் தடுப்புக் குழு, மதகை மட்டும் ஆராய்ந்து சொல்லும்படி அம்சவள்ளியைக் கேட்டது.

அவள் கணினியில் ஆற்றைக் கட்டி ஓடவிட்டாள். மதகை மட்டும் பார்த்தால் போதாது, மதகுக்கு வரும் தண்ணீர் எங்கிருந்து எப்படி வருகிறது என்றும் பார்க்கவேண்டியிருந்தது. அப்படிப் பார்த்தபோது மதகு பெரிய சிக்கலாகத் தெரியவில்லை. சிக்கல் கரையில் இருந்தது. கரை எழும்பிவிட்டால் வீடுகள் தப்பிக்கும். ஆனால் அங்கே போகவேண்டிய தண்ணீர் ஆற்றின் எதிர்ப்பக்கம் திரும்பி, சிறுதோட்டக்காரர்களின் செம்பனை நிலங்களில் இடுப்பளவு ஏறி, போக வழியில்லாமல் நிற்கும்.

மறுபடி மறுபடி ஓடவிட்டாள். தண்ணீர் அங்கேதான் போய் நின்றது.

கூட்டம் கோலா சிலாங்கூரில் நடந்தது. அவள் திரையில் படத்தைக் காட்டி மலாயில் விளக்கி முடித்தாள். பிறகு வீடமைப்பு நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் எழுந்து திரைக்கு அருகில் வந்து மரியாதையாகவே கேட்டார்.

"பேராசிரியர், உங்கள் தகப்பனார் பெயர் அப்பளசாமிதானே?"

"ஆமாம்."

"நீங்கள் நீலமாகக் காட்டியிருக்கும் இந்த நிலங்களில் ஒன்றின் சொந்தக்காரர் பெயர் உடையப்பன் அனாக் லெலாக்கி அப்பளசாமி, அப்பளசாமியின் மகன் உடையப்பன். இந்த வட்டாரத்தில் அந்தப் பெயர் அவ்வளவாக இல்லை. அதனால் கேட்டேன்."

அம்சவள்ளி படத்தைத் திரும்பிப் பார்த்தாள். நீலம் தோய்ந்திருந்த நிலத்தின் ஓரமாக அவர் விரல் நின்றிருந்தது. அண்ணனுக்கு ஈஜோக்கில் ஒரு துண்டு நிலம் இருப்பது அவளுக்குத் தெரியும். அது மேட்டு நிலம், சாலையோரம். இது வேறு.

"அவர் என் அண்ணன்" என்றாள். "இந்த நிலம் அவருடையது என்று எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது."

மேசையைச் சுற்றி நாற்காலிகள் அசைந்தன. குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் சொல்வதை அவர் நம்பியிருக்கலாம். ஆனால் இனி அவர் நம்புவதால் மட்டும் என்ன ஆகும்?

"நான் விலகிக்கொள்கிறேன். என்னிடம் இருக்கும் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறேன். வேறு ஒருவர் முதலிலிருந்து செய்து பார்க்கட்டும்."

"யார்?" என்றார் தலைவர்.

அவளுக்கு நெருங்கிய நண்பர்கள் இரண்டு பேர் இந்தத் துறையில் இருந்தார்கள். அவர்கள் பெயர்தான் முதலில் வாயில் வந்தது. விழுங்கிவிட்டு, "ஹஸ்லினா" என்றாள்.

பல்கலைக்கழகத்தில் புல முதல்வருக்கு எரிச்சல். "இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கலாமே. பெயர் போவது நமக்குத்தான்" என்றார். அம்சவள்ளி, "கணக்கு சரியென்றால் யார் போட்டாலும் ஒரே விடைதான் வரும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். சொல்லும்போது இருந்த தைரியம் அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் பாதியாகிவிட்டது. ஒருவேளை தப்பாக இருந்தால்? அதைக் கண்டுபிடிக்கப்போவது ஹஸ்லினா.

அந்தச் சனிக்கிழமை ஈஜோக்குக்குப் போனாள். உடையப்பன் அவளுக்கு ஆறு வயது மூத்தவன். சொந்தமாக மூன்று லோரி வைத்துச் செம்பனைக் குலை ஏற்றுகிறவன், கையும் குரலும் பெரியவை. வாசலில் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தவன் தங்கையைப் பார்த்ததும் குழாயை மூடினான்.

"என்னம்மா பேராசிரியர், அதிசயமா இருக்கு."

"அண்ணே, ஆத்துப் பக்கம் நெலம் வாங்குனீங்களா?"

"ஆமா. காளியண்ணன் ரவாங்குக்கு மகன்கூட இருக்கப் போறேன்னு வித்துட்டாரு. நாலு மாசமாச்சு. ஏன், ஒனக்குச் சொல்லிட்டுத்தான் வாங்கணுமா?"

அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே வந்து படியில் உட்கார்ந்தான். எல்லாம் கேட்டு முடித்ததும் அவனுக்கு ஒரே ஒரு விஷயம்தான் மனதில் நின்றது.

"அப்ப தண்ணி வரும்னு ஒனக்குத் தெரியும். தெரிஞ்சும் எழுந்து வந்துட்ட."

"நான் அங்க இருந்தா, அண்ணனுக்காகச் சொல்றான்னு சொல்லி மொத்தத்தையும் தூக்கிப் போட்டுருவாங்கண்ணே. உங்க நெலம் மட்டுமில்ல, அந்தப் பக்கம் எத்தன குடும்பம் இருக்கு."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது லா. கூடப் பொறந்தவ அங்க ஒக்காந்திருந்தா எனக்கு ஒரு தெம்பு. இப்ப யாரோ ஒரு அம்மா கையில குடுத்துட்டு வந்து நிக்கிற."

உள்ளேயிருந்து அண்ணி இராஜம்மா வந்து, "வந்தவள உள்ள கூப்புடாம வாசல்லயே கோர்ட்டு நடத்துறீங்களா?" என்று அதட்டினாள். அம்சவள்ளி உள்ளே போய்ச் சாப்பிட்டாள். நெத்திலிச் சம்பலும் ரசமும். உடையப்பன் லோரியைத் திரும்பவும் கழுவ ஆரம்பித்துவிட்டான். அவள் கிளம்பும்வரை உள்ளே வரவில்லை.

மாதங்கள் போயின. அவள் பாடம் நடத்தினாள், விடைத்தாள் திருத்தினாள், மாணவர்களின் ஆய்வுகளைப் பார்த்தாள். ஹஸ்லினாவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. பிறகு ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது.

"நீங்கள் ஒரு இடத்தில் தப்பு செய்திருக்கிறீர்கள்" என்றார் ஹஸ்லினா, நலம்கூட விசாரிக்காமல். "செம்பனை மரங்கள் தண்ணீரை எவ்வளவு தடுக்கும் என்பதை அதிகமாகப் போட்டுவிட்டீர்கள். இடுப்பளவு வராது, முழங்கால்தான். ஆனால் நீங்கள் சொன்னதைவிட அதிக நாள் நிற்கும். மரத்துக்கு அதுதான் கெடுதல். மற்றபடி நீங்கள் சொன்னதுதான் சரி. குழுவிடம் அப்படியே சொல்லிவிட்டேன்."

அம்சவள்ளி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். முழங்கால் என்றது சுருக்கென்று தைத்தது. மற்றபடி சரி என்றது அதை ஆற்றிற்று. "எந்த எண்ணைப் போட்டீர்கள்?" என்று கேட்டாள். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் மரத்தண்டுகளைப் பற்றிப் பேசினார்கள்.

பேச்சின் கடைசியில் ஹஸ்லினா விஷயத்துக்கு வந்தார். கரையைத் தடுக்க முடியாது. ஆனால் எதிர்ப்பக்கம் நிற்கப்போகும் தண்ணீரை இழுத்து மறுபடி ஆற்றில் விட ஒரு பெரிய வடிகால் கான் வெட்டலாம். அதன் வாயில் இன்னொரு மதகு. கானுக்கு இரண்டு வழி இருந்தது.

"எந்த வழி என்று உங்களிடம் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ஒன்றே ஒன்றுதான் தெரியவேண்டும், அது உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. மதகுக்குச் சற்று முன்னால் கான் வளைந்தால் மதகு என்ன ஆகும்?"

படம் கணினிக்கு வந்தது. ஒரு வழி நேரானது. இன்னொன்று கடைசியில் சட்டென்று வளைந்தது. எதற்காக வளைகிறது என்று பார்க்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. வளைவது அண்ணன் நிலத்தைச் சுற்றிக்கொண்டு போக.

கணக்குப் போடாமலே விடை தெரிந்த கேள்வி. இருந்தும் இரண்டு நாள் உட்கார்ந்து போட்டாள். வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் குவிந்து சுழித்துக்கொண்டு வரும். மதகின் ஒரு பாதியை ஓங்கித் தள்ளும், மறுபாதியைத் தொடாது. சில வருடங்களில் கீல் போய்விடும். போகிற நாள் வெள்ள நாளாகத்தான் இருக்கும்.

"ஆடும்" என்று ஹஸ்லினாவிடம் சொன்னாள். "உறுதியாக ஆடும்."

அன்று ராத்திரி சாப்பிடும்போது கணேஸ்வரனிடம் சொன்னாள். "அண்ணன் நெலத்த நானே வெட்டிட்டேன்."

"ஒங்க அண்ணன்கிட்ட நீயே போய்ச் சொல்லு" என்றான் அவன். "ஆபீஸ்காரன் வந்து சொன்னா வேற மாதிரி இருக்கும்."

குழு முடிவை அறிவித்த மறுநாளே போனாள். உடையப்பன் இம்முறை கத்தவில்லை. நிலத்துக்கே கூட்டிக்கொண்டு போனான். இளஞ்செம்பனை, குலை தள்ள ஆரம்பித்திருந்தது. கான் எங்கே போகும் என்று கேட்டான். அவள் கை நீட்டிக் காட்டினாள். நிலத்தின் நட்டநடுவே.

"சுத்திப் போக வழியே இல்லியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள், "இருந்துச்சுண்ணே. சுத்திப் போனா மதகு நிக்காதுன்னு நாந்தான் சொன்னேன்" என்றாள்.

அவன் ஒரு மரத்தின் மட்டையைப் பிடித்து, காய்ந்து தொங்கிய ஓலையைப் பிய்த்துப் போட்டான். பிறகு, "சரி, நீ போ" என்றான். அவ்வளவுதான். அந்தத் தீபாவளிக்கு அவன் புக்கிட் செந்தோசாவுக்கு வரவில்லை. இராஜம்மா மட்டும் முறுக்கு டின்னோடு வந்து, "அவரு கோவம் ஒண்ணுமில்ல. கண்டவங்க கேக்குறாங்களாம், ஒந்தங்கச்சி பேராசிரியரா இருந்து என்ன புண்ணியம்னு. அதான்" என்றாள்.

கான் வெட்டி மதகு வைக்க ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. அதற்குள் அம்சவள்ளியும் ஹஸ்லினாவும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஹஸ்லினாவின் பெயர் முதலில் வரவேண்டும் என்று இவளும், இவள் பெயர்தான் என்று அவரும் இழுத்துக்கொண்டு, கடைசியில் அகரவரிசை என்று முடிந்தது.

டிசம்பரில் விடாத மழை. ஆற்றின் மேலே உலு யாம் பக்கம் பெய்ததெல்லாம் சேர்ந்து ஆறு கரை தொட்டு வந்தது. மூன்றாம் நாள் மழை சற்று விட்டதும், அளவுக் கருவிகளைப் பார்க்க அம்சவள்ளி ஈஜோக்குக்கு வந்தாள். வீடுகள் காய்ந்திருந்தன. எதிர்ப்பக்கச் செம்பனை நிலங்களில் கணுக்கால் அளவு தண்ணீர் வந்து கானுக்குள் வடிந்துகொண்டிருந்தது. மதகின் அடியில் பழுப்புத் தண்ணீர் வழவழவென்று வெளியேறியது. அவள் கைப்பிடிக் கம்பியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். லேசான ஒரு சிலிர்ப்பு இருந்தது, அவள் போட்ட கணக்குக்குள் அடங்குகிற சிலிர்ப்பு.

கானின் மறுகரையில் உடையப்பன் முழங்கால்வரை சுருட்டிய காற்சட்டையோடு நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

"அம்சா!"

"அண்ணே!"

"எல்லாம் நல்லாத்தான் ஓடுது" என்று தண்ணீர் இரைச்சலுக்கு மேல் கத்தினான். "ஆனா என் மரத்துல பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். குலை ஏத்த லோரிய சாலைக்குப் போய்ச் சுத்தித்தான் கொண்டுவர வேண்டியிருக்கு. இதுக்கு மேல ஒரு பாலம் போடணும்னு ஒங்க ஆளுங்க யாருக்கும் தோணலியா?"

"பாலம் என் வேலை இல்லண்ணே. அது சிவில். ஹஸ்லினாவத்தான் கேக்கணும்."

"நம்பர் குடு."

"இப்பவா?"

"பின்ன? குலை பழுத்துத் தொங்குது."

அவள் நம்பரைச் சத்தமாகச் சொல்ல, அவன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்தினான். ஹஸ்லினா எடுத்துவிட்டார் போலிருக்கிறது. உடையப்பன் மலாயில் ஆரம்பித்தான், தன் பெயரையும் அப்பா பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லி. அம்சவள்ளி பெட்டியைத் திறந்து கருவி காட்டிய அளவுகளைப் பார்க்கத் தொடங்கினாள்.