டேங்குக்கு அடியில் ஒரு ஜாயின்ட்

மழைக்காலம் வந்துவிட்டால் டெஸ்டருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. நுனியில் சின்ன பல்பு எரியும் சோதனைக் கம்பி ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் செருகியிருக்கும். அதனால் வந்த பெயர் அது. பொண்டாட்டி கையைப் பிடித்ததைவிட அந்தக் கம்பியைப் பிடித்ததுதான் அதிகம் என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். மனுஷனும் சிரித்துக்கொள்வார். மழைத் தண்ணீர் புகுந்து மக்கர் செய்யும் வண்டியில் மற்றவர்கள் நாள் முழுக்கத் தடவிப் பார்க்கும் கோளாறை அவர் ஒரு மணி நேரத்தில் பிடித்துவிடுவார். அந்த மிதப்பும் அவரிடம் உண்டு.

அன்று காலை தூறலில் ஒரு மினி லாரி வந்து பட்டறை வாசலில் நின்றது. அதில் ஏற்றியிருந்தது, முன்பக்கம் நசுங்கிய ஒரு பைக். கூடவே இறங்கிய பெண்ணை அவருக்குத் தெரியும். இருபது நாளைக்கு முன் எதிரே வந்த லாரியில் மோதிச் செத்துப்போன கூரியர்காரனின் அக்கா. அவன் வழக்கமாக ரிப்பேருக்கு வண்டி விடுவது இவரிடம்தான்.

"ஸ்டேஷன்ல நேத்துதான் வண்டிய விட்டாங்கண்ணே. ரிப்பேருக்குக் கொண்டு வரல. அன்னைக்கு இதுல லைட்டு எரிஞ்சுதா இல்லையான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

"இப்ப அது தெரிஞ்சு என்னம்மா ஆகப்போகுது?"

அவள் சொன்னாள். அன்று சாயங்காலம் நல்ல மழை. வேலை முடிந்து பஸ் கிடைக்காமல், வந்து கூட்டிப்போ என்று தம்பிக்குப் போன் செய்திருக்கிறாள். வருகிறேன் என்றவனைக் காணோம். இருட்டிவிட்டதே என்று மறுபடி கூப்பிட்டிருக்கிறாள். அவன் எடுக்கவில்லை. அவள் கூப்பிட்ட நேரமும் அவன் மோதிய நேரமும் ஒன்று. போன் நடுரோட்டில் கிடந்தது. அக்கா கூப்பிடுகிறாளே என்று போனை எடுக்கப் போய் லாரியைக் கவனிக்காமல் விட்டான் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். பெற்ற தாய் இருபது நாளாக அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

"எதிர்ல லைட்டே தெரியலன்னு லாரி டிரைவர் சொல்றான். அவன் தப்பிக்கறதுக்குச் சொல்றான்னு எல்லாரும் சொல்றாங்க. லைட்டு எரிஞ்சிருந்தா நான் போன் பண்ணதுதான் காரணம். அப்படின்னா அப்படின்னு தெரிஞ்சுட்டுப் போறேன்."

டெஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முன்விளக்கின் கண்ணாடி சுக்குநூறாகிப் போயிருந்தது. ஆனால் உள்ளே இருந்த பல்பு உடையவில்லை. கழற்றி பேட்டரியில் நேராக வைத்தார். பளிச்சென்று எரிந்தது. அவள் முகம் செத்துப்போனது.

"அவசரப்படாதம்மா. பல்பு நல்லா இருந்தா போதாது, அதுக்குக் கரன்ட்டு போகணும்."

ஃப்யூஸ் நன்றாக இருந்தது. லைட் சுவிட்சும் போட்டபடியேதான் இருந்தது. காற்றடித்து ஈரத்தை ஓட்டிவிட்டு, கம்பியால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டு போனார். சுவிட்சுக்குள் கரன்ட் வருகிறது. சுவிட்சைத் தாண்டியும் வருகிறது. விளக்கிடம் வந்தால் இல்லை. அப்படியென்றால் நடுவில் எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது. சீட்டைக் கழற்றி, போல்ட்டை எடுத்து, டேங்கைத் தூக்கினார்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

டேங்குக்கு அடியில், வயரில் ஒரு கறுப்பு டேப் உருண்டை. டேப்பின் முனையில் வெள்ளை நூலால் மூன்று சுற்று. இஞ்சின் சூட்டில் டேப் பிரிந்துவிடக் கூடாது என்று அப்படி நூல் கட்டுகிற ஆள் இந்த ஊரிலேயே ஒருத்தர்தான்.

நாலு மாசத்துக்கு முன்னால், மழை தொடங்கிய சமயம், லைட்டு விட்டு விட்டு எரிகிறது என்று அந்தக் கூரியர்காரன் வந்திருந்தான். வயரை இணைக்கும் கப்ளர் பச்சை பூத்துப் போயிருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கப்ளர் போட வேண்டும். தண்ணீர் சொட்டி வடிகிற மாதிரி வயரைக் கொஞ்சம் தொங்கவிட வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வேலை. பட்டறையில் கப்ளர் தீர்ந்திருந்தது. கடை தெருக்கோடியில்தான். ஆனால் மழை, வரிசையில் ஆறு வண்டி. இரண்டு வயரையும் நேராக முறுக்கி டேப்பைச் சுற்றிவிட்டார். தாங்குமாண்ணே என்று அவன் கேட்டதற்கு, "நான் சுத்தின டேப்புடா, தண்ணி என்ன, காத்துகூடப் போகாது" என்றார். தண்ணீர் போனது. டேப் அத்தனை இறுக்கமாக இருந்ததால் போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது.

அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு நூலை அறுத்தார். டேப்பைப் பிரித்ததும் வயர் தானாக இரண்டாக வந்தது. மோதியதில் அறுந்திருந்தால் செம்பு பளபளவென்று இருக்கும். இது பச்சைப் பொடியாக உதிர்ந்தது. ஒரு நாளில் இரண்டு நாளில் ஆகிற காரியம் இல்லை. கடை, பேர், இந்தத் தெருவில் நிமிர்ந்து நடக்கிற நடை எல்லாம் அவர் கண் முன்னால் வந்து போயிற்று.

"ஸ்டேஷன்ல இருபது நாள் மழையில நின்னிருக்கும்மா. எல்லா இடத்துலயும் தண்ணி ஏறிக் கெடக்கு. இப்பப் பார்த்து எதையும் உறுதியாச் சொல்ல முடியாது."

பாழாய்ப்போன வாய், எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டது பாருங்கள்.

அவள் தலையாட்டினாள். "சரிண்ணே. அப்ப நான்தான்." அழவில்லை. இனிமேல் இதைத் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்று ஏற்றுக்கொண்டவள் போல எழுந்து, மினி லாரிக்காரரைக் கூப்பிட வாசலுக்குப் போனாள். அவள் நாலு திட்டு திட்டியிருந்தால்கூட அவர் பேசாமல் இருந்திருப்பார். அந்த ஒரு சொல் அவரை உட்காரவிடவில்லை.

"இரும்மா. லைட்டு எரியல." உள்ளங்கையில் அந்த வயரை வைத்து நீட்டினார். "நான் இப்பச் சொன்னது பொய். இது மாசக்கணக்கா அரிச்சிருக்கு. அன்னைக்கு மழையில மொத்தமா விட்டுப்போச்சு. இந்த ஜாயின்ட்டைப் போட்டது நான்தான். புதுக் கப்ளர் போட்டிருக்கணும். போடல."

அவள் வயரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அவன் அவசரப்படுத்தினானாண்ணே?"

"இல்லம்மா. அவன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தான். அவசரம் எனக்கு."

அவள் மெல்லச் சொன்னாள். "ரோட்டுல கெடந்தப்ப போன்ல டார்ச் எரிஞ்சுட்டு இருந்துச்சுன்னு போலீஸ்காரர் சொன்னாரு. விழுந்த வேகத்துல அமுங்கியிருக்கும்னு நாங்க விட்டுட்டோம்."

டெஸ்டருக்குப் புரிந்துவிட்டது. விளக்கு அணைந்த வண்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனை வெளிச்சத்துக்கு நீட்டிக்கொண்டு அந்த மழையில் வந்திருக்கிறான்.

"என்கிட்டப் பேச எடுக்கல," என்றாள் அவள். "வழி தெரியறதுக்கு எடுத்திருக்கான்." அங்கேயே தரையில் உட்கார்ந்து, அத்தனை நாள் அடக்கிவைத்ததை எல்லாம் அழுதாள். அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆறுதல் சொல்ல அவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இதை எங்கம்மாகிட்ட வந்து சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

"வரேன்மா."

பட்டறையைச் சாத்தக்கூட இல்லை. வயரைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு அவளோடு அவள் வீட்டுக்கு நடந்தார். கதவைத் திறந்த தாய் மகளைப் பார்க்காமல் இவரைப் பார்த்தாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தெருக்கோடிக் கடைக்குப் போகச் சோம்பல்பட்டதைச் சொன்னார். காற்றுகூடப் போகாது என்று பீற்றிக்கொண்டதைச் சொன்னார். அந்த டார்ச் எதற்கு எரிந்தது என்பதையும் சொன்னார். எதையும் மென்று விழுங்கவில்லை. தாய் காகிதத்தைப் பிரித்து, பச்சைப் பொடி விரலில் ஒட்ட அந்த வயரைத் தடவிப் பார்த்தாள். சபிப்பாள், அடிப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் மகள் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டி நனைஞ்சுட்டு நிக்கிற? உள்ள வா."

மகள் உடனே நகரவில்லை. தாய் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டு, இவரிடம் சொன்னாள்: "இவ பெரியப்பா, சித்தப்பா எல்லாரையும் வரச் சொல்றேன். அவங்க எதிர்லயும் இதையே சொல்லணும். அதுவரைக்கும் இங்கேயே நில்லு."

"நிக்கறேன்மா," என்றார் டெஸ்டர்.